இச்சபையை மேய்ந்தவர்கள்

என் பெயர், கணவர் பெயர், கதவு எண், தெரு ஆகியவற்றை எழுத்தர் முதல் தாளில் தனியாக எழுதிக்கொண்டார். வயது அறுபத்து நான்கு. கணவர் இறந்துவிட்டார். பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபையில் ஞாயிறு ஆராதனைக்கு ஆர்கன் வாசித்து வருகிறேன். இந்த வழக்கில் பிடித்து வைத்திருக்கும் கல் வெட்டும் தொழிலாளி என் கணவரின் கூடப்பிறந்த தம்பி, எனக்குக் கொழுந்தன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாகவே நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

சபையின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்காக, இதுவரை இருந்த போதகர்களின் பெயர்களை வரிசையாக வெட்டிய ஒரு பளிங்குக் கல் கோயில் முகப்பில் பதிக்கப்பட்டது. அதன் தலைப்பு 'இச்சபையை மேய்த்தவர்கள்' என்று இருந்திருக்க வேண்டும் என்றும், என் கொழுந்தன் வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றி 'இச்சபையை மேய்ந்தவர்கள்' என்று வெட்டி, போதகர்கள் அனைவரையும் புல் தின்றவர்கள் ஆக்கிவிட்டார் என்றும் இப்போதைய போதகர் புகார் கொடுத்திருப்பதாக அறிகிறேன். கல்லைப் பற்றிச் சொல்வதற்கு முன் கல்லில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுத்தர் சுருக்கமாகச் சொல்லச் சொன்னார். சுருக்கித்தான் சொல்கிறேன். முழுதாகச் சொன்னால் எனக்கே குமட்டும்.

ஊருக்கு வெளியே பாட்டில் தொழிற்சாலை வந்தபோது, அதன் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் இந்தச் சபை தொடங்கியது. முதல் போதகரைச் செங்கல் ஐயா என்பார்கள். ஆராதனைக்கு வருகிறவர்கள் கையில் ஒரு செங்கல் இல்லாமல் வரக்கூடாது என்று அவர் சட்டம் போட்டார். தொழிற்சாலைப் பெண்கள் ஓர் இடுப்பில் பிள்ளையும் மறு இடுப்பில் செங்கல்லுமாக வந்தார்கள். அதன் பிறகு சுவர் எழும்பிக் கூரையும் போட்டதும், முன்வரிசையில் தன் குடும்பத்துக்கும் தொழிற்சாலை அதிகாரிகளின் குடும்பங்களுக்கும் கைவைத்த நாற்காலிகளைப் போட்டுவிட்டு, செங்கல் சுமந்தவர்களைப் பின்னால் பாயில் உட்காரச் சொன்னார். என் அம்மா அந்தப் பாயில் உட்கார்ந்தவர்.

அதன் பிறகு வந்தவரைக் குடை ஐயா என்பார்கள். வெயிலோ மழையோ, குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக நடப்பார். அவர் காலத்தில், நான் நான்காம் வகுப்பில் படித்தபோது, தொழிற்சாலையில் உலை வேலை பார்த்த என் அப்பா தூக்குப் போட்டுக்கொண்டார். அப்படிச் செத்தவனுக்குச் சபைக் கல்லறையில் இடம் கிடையாது என்று சபைக் கமிட்டி சொல்லிவிட்டது. குழி வெட்டுகிறவரையும் வரக்கூடாது என்று மிரட்டி வைத்தார்கள். அதன் பிறகு குடை ஐயா எங்கள் வீட்டுக்கு வந்து, குடையை என் அம்மா கையில் கொடுத்துவிட்டு, அங்கியைக் கழற்றி வைத்து, சபைக் கல்லறைக்கே போய்த் தானே மண்வெட்டி பிடித்துக் குழி வெட்டினார். வெட்டி முடித்துக் கையைக் கழுவி, திரும்ப அங்கியைப் போட்டுக்கொண்டு, அடக்க ஆராதனையை ஒரு வரி விடாமல் வாசித்தார். அதன் பிறகு கமிட்டிக்காரர்கள் மேலிடம்வரை போய் அவரை அங்கிருந்து தூக்கிவிட்டார்கள். அவரும் அவர் மனைவியும் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெருமுனைவரை கூடப் போனது என் அம்மா மட்டும்தான். கமிட்டிக்காரர்கள் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு வந்தவர் மைக் ஐயா. கோயிலின் நான்கு பக்கமும் குழாய் ஒலிபெருக்கி கட்டி, பஸ் நிறுத்தத்தில் நிற்பவனுக்கும் பிரசங்கம் கேட்கும்படி செய்தார். யார் வீட்டுக்கும் போகமாட்டார். என் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, ஒருமுறை வந்து ஜெபம் செய்யும்படி அவரைக் கேட்டேன். "கோயிலுக்குப் பக்கத்து வீடுதானேம்மா? ஜன்னலைத் திறந்து வைங்க, நல்லா கேக்கும்" என்றார். அம்மா செத்த அன்று ஜன்னல் திறந்தேதான் இருந்தது. சபைக்குப் புது ஒலிபெருக்கி தேவை என்ற அறிவிப்பு உள்ளே வந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு வந்தவர் மச்சான் ஐயா. சபைப் பள்ளியில் அவர் மனைவியின் அண்ணன் தலைமையாசிரியர் ஆனார், தம்பி விளையாட்டு வாத்தியார் ஆனார், இன்னொரு தம்பிக்கு எதுவும் தெரியாததால் மேற்பார்வையாளர் என்று ஒரு பதவியைப் புதிதாக உண்டாக்கிக் கொடுத்தார். அவர் மாற்றலாகிப் போன நாளில் வழியனுப்பு விழா நடந்தது. அழுதவர்கள் எல்லோரும் மச்சான்கள்தான்.

அதன் பிறகு வந்தவர் இப்போதைய போதகர், புகார் கொடுத்திருப்பவர். இவரை டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிட வேண்டும். வெறும் ஐயா என்றால் காது கேட்காதவர் போல இருப்பார். எந்தக் கல்லூரி பட்டம் கொடுத்தது என்று கேட்டவர்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. வந்தவுடன் முதல் வேலையாகத் தன் வீட்டு வாசலில், கோயில் பலகையைவிடப் பெரிதாக, டாக்டர் என்று போட்ட பெயர்ப்பலகையை மாட்டினார். அதைப் பார்த்துவிட்டு, தொழிற்சாலையில் காவல் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். அவரை நாய் என்று திட்டித் துரத்தியதை நான் என் காதால் கேட்டேன். நல்ல டாக்டர்.

இந்நிலையில் விழாவுக்குக் கல் வெட்டும் வேலையை என் கொழுந்தனுக்குக் கொடுத்தார். கொழுந்தனுடைய பட்டறை கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே இருக்கிறது. அவர் வாயில்லாப் பூச்சி. எழுதிக் கொடுத்ததை வெட்டுவார், எதிர்த்து ஒன்று சொல்லமாட்டார். கல்லை நாற்காலியில் சாய்த்து வைத்து, சிவப்புப் பென்சிலால் தலைப்பை மட்டும் வரைந்து முடித்திருந்தார். தலைப்பு 'இச்சபையை மேய்த்தவர்கள்' என்றுதான் இருந்தது. நான் அவருக்கு டீ கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தபோது போதகர் வந்தார். கல்லைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா இது, மேய்த்தவர்கள்னு? மாடு மேய்ச்ச மாதிரி இருக்கு."

"நீங்க சொன்னதுதானே டாக்டர் ஐயா."

"நான் சொன்னா அப்படியே எழுதிடறதா? ஒரு கௌரவம் வேணாமா? ஆய்ந்தவர்னு சொல்றோம், தேர்ந்தவர்னு சொல்றோம், அந்த மாதிரி மேய்ந்தவர்னு போடு. வல்லினம் காதைக் குத்துது. மெல்லினம் வந்தாத்தான் இலக்கியம்."

கொழுந்தன் தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணி தமிழ் டீச்சர்தானே, ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா ஐயா?" என்றார்.

"சபை காரியத்தை அடுப்பங்கரையில கேட்டு முடிவு பண்றதில்லப்பா" என்றார் போதகர். நான் அவருக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அதன் பிறகு அவர் கட்டைவிரலை நாக்கில் தொட்டு எச்சில் செய்து, 'த்' என்ற எழுத்தைத் தேய்த்து அழித்து, கொழுந்தன் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கித் தானே 'ந்' என்று எழுதினார். அதன் பிறகு அதே கையை என் பக்கம் நீட்டினார். டீ கொடுத்தேன். குடித்துவிட்டுச் சர்க்கரை போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த டம்ளரைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். அப்படியும் மனசு ஒப்பவில்லை, குப்பையில் போட்டுவிட்டேன்.

விழா அன்று பேராயர் வந்து திரையை இழுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒலிபெருக்கியில், நல்ல நிதானமான குரலில், "இச்சபையை மேய்ந்தவர்கள்" என்று வாசித்தார். வாசித்த வேகத்தில் கீழே இருந்த பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனார். செங்கல் ஐயா பெயருக்கு யாரும் சிரிக்கவில்லை. மைக் ஐயா பெயருக்குப் பாடகர் குழுவில் ஒரு பெண் வாயைப் பொத்தினாள். மச்சான் ஐயா பெயருக்குக் கூட்டம் முழுக்கச் சிரித்துவிட்டது. குடை ஐயா பெயரைப் பேராயர் வாசிக்கவில்லை. கல்லில் அவர் பெயரே இல்லை. பதவிக்காலத்தை முடிக்காமல் போனவரைச் சேர்க்க வேண்டாம் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டார்களாம். அது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

அதன் பிறகு டாக்டர் ஐயா கூட்டத்துக்கு நடுவே என் கொழுந்தனைக் கைநீட்டிக் காட்டி, "இவன் பண்ண வேலை! சபையில எதிர்கோஷ்டிகிட்ட காசு வாங்கிட்டு வேணும்னே வெட்டியிருக்கான்!" என்று கத்தினார். கொழுந்தன் கையைக் கும்பிட்டபடி நின்றார். மறுநாள் புகார் கொடுத்து, உளிகளோடு அவரையும் இங்கே கொண்டுவந்தார்கள்.

என் கொழுந்தனுக்கு ஒரே மகள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பில் இரண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாவதை வாசித்தால்தான் தாலி. இன்று காலை போதகர் இங்கே வந்து, வேண்டுமென்றே வெட்டினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வரும் ஞாயிறு சபைக்கு முன்னால் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டால் புகாரையும் வாபஸ் வாங்குகிறேன், மூன்றாவது அறிவிப்பையும் வாசிக்கிறேன், இல்லாவிட்டால் இரண்டும் நடக்காது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். நான் வந்தபோது கொழுந்தன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"கையெழுத்துப் போட்டுடறேன் அண்ணி. புள்ளை கல்யாணம் நடக்கட்டும்."

"செய்யாததைச் செஞ்சேன்னு எழுதிக் கொடுத்துட்டு, அந்த ஆளு கையால உன் பொண்ணுக்கு ஆசீர்வாதம் வாங்குவியா தம்பி?"

"எனக்கு மானம் ரோஷம் பாக்க வசதியில்ல அண்ணி" என்றார். அவர் மகளும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். "அப்பா, நீ அதுல கையெழுத்துப் போட்டேன்னா நான் கல்யாணமே பண்ணிக்கமாட்டேன். பெரியம்மா, நீங்களாவது சொல்லுங்க" என்றாள். அதனால்தான் உள்ளே வந்தேன்.

அந்தத் தலைப்பில் பிழை இருப்பது உங்களுக்கு முன்பே தெரியுமா என்று ஆய்வாளர் கேட்டார். தெரியும். போதகர் பென்சிலை எடுத்தபோதே தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல் சரியாக வந்திருக்கும். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளின் பிழையைச் சிவப்பு மையால் திருத்தியவள், இந்த ஒரு பிழையைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. இத்தனை வருடத்தில் அந்த மனிதர் கையால் எழுதிய ஒரே உண்மையை நான் ஏன் அழிக்க வேண்டும் என்று தோன்றியது. கொழுந்தன் தலையில் வந்து விழும் என்று நினைக்கவில்லை. அதற்கு மட்டும் வருத்தப்படுகிறேன், மற்றதற்கு இல்லை.

ஆகவே வேண்டுமென்றே அவமானப்படுத்தியது யார் என்று இந்த வழக்கில் கேட்டால், போதகர் தெரியாமல் எழுதினார், கொழுந்தன் தெரியாமல் வெட்டினார், பேராயர் தெரியாமல் வாசித்தார். தெரிந்து சும்மா நின்றவள் நான் ஒருத்திதான். குற்றம் என்று ஒன்று இருந்தால் என் பெயரில் எழுதிக்கொண்டு, கொழுந்தனையும் அவர் உளிகளையும் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கல்லைத் திருத்திவிட்டால் சமாதானமாகப் போகச் சம்மதமா என்று ஆய்வாளர் கேட்டார். குடை ஐயா பெயரை அந்தக் கல்லில் சேர்க்கட்டும். அன்றைக்கு அந்தத் தலைப்பு தப்பு என்று சபைக்கு நடுவே நின்று நானே சொல்கிறேன். அவர் இல்லாதவரைக்கும் அந்தக் கல்லில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எழுதியவருடைய சந்திப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன். மற்றபடி உள்ளதெல்லாம் நான் சொன்னது, நான் சொன்னதெல்லாம் நடந்தது. யாரும் மிரட்டவோ சொல்லிக்கொடுக்கவோ இல்லை.

(ஒப்பம்)