மேடையில சொன்ன பேரு

திருமதி ஆத்மநாதன்லாம் வேணாங்க டீச்சரம்மா, சின்னப்பிள்ளைன்னே கூப்புடுங்க. பாய்ல உக்காருங்க. இந்த மீன ஆஞ்சுக்கிட்டே பேசுறேன். ஞாயித்துக்கிழம மாதர் கூட்டத்துல நான் பேசணும்னு மணமேல்குடியிலேருந்து இந்த வெயில்ல கட்டுமாவடிக்கு வந்திருக்கீங்க. அவ ஊருக்குப் போயிருக்கான்னு சொன்னாராக்கும் எங்க வீட்டுக்காரரு? அதுவும் பொய்யில்ல.

போன மாசம் நான் பேசுனேன்ல, அம்புட்டும் அவரு எழுதுனது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் நெல்லு அவிக்கையில பக்கத்துல நின்னு வாசிப்பாரு, நான் திருப்பிச் சொல்லணும். பெண் அடிமையில்லைன்ற எடத்துல வார்த்த தப்புனா தலையில குட்டு. அஞ்சாறு குட்டு வாங்கித்தான் எனக்கு விடுதல மனப்பாடமாச்சு.

கடசி எடந்தான் கஷ்டம். புருசன் பேரச் சொல்லாம இருக்குறது அடிமைப் புத்தி, இந்தா நான் சொல்றேன்னு அவரு பேரச் சொல்லணும். பன்னெண்டு வருசமா கோயில் அர்ச்சனைக்குக்கூடப் பக்கத்துல நிக்கிறவகளத்தான் சொல்லச் சொல்லுவேன். மேடையில நாக்கு எழும்பல. முன் வரிசையிலேருந்து அவருதான் சொல்லு சொல்லுன்னு கையாட்டுனாரு. ஆத்மநாதன்னேன். என்னா கைதட்டு. நீங்களுந்தான் தட்டுனீங்க. அவருக்குக் கண்ணே கலங்கிருச்சு.

என் புத்தியப் பாருங்க, அது வீட்டுக்கும் சேத்துத்தான்னு நெனச்சுப்புட்டேன். மறுநா மத்தியானம் எலையப் போட்டுட்டு, ஆத்மநாதன், சாப்புட வாங்கன்னு கூப்புட்டேன். வாசல்ல நெல்லு யாவாரிக ரெண்டு பேரு இருந்தாக. சிரிச்சுட்டாக. எலையோட சோறு முத்தத்துல கெடந்துச்சு. பொழுது சாயுறதுக்குள்ள நான் இங்கிட்டு, ஆத்தா வீட்டுல.

திரும்பிப் போகமாட்டேன்னு யாரு சொன்னா? கொண்டுவந்த பொட்டிய ஒரு மாசமா தொறக்கலயே. கூப்புட ஆளு வரும், வரும்னு ரோட்டையே பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நேத்துத்தான் தொறந்து, சேலைய எடுத்துக் கொடியில போட்டேன்.

அட, எந்திரிக்காதீங்க, மோர் குடிச்சுட்டுப் போங்க. கூட்டத்துக்கு ஆளில்லன்னு கவலப்படாதீங்க. அந்தப் பேச்ச செவந்தி பாடம் பண்ணிருச்சாம், கருவாடு விக்கிற மூக்காயி நேத்து வந்து சொன்னா. செவந்தி யாருன்னு தெரியாதா ஒங்களுக்கு? போன வெள்ளிக்கிழம அவரு தாலி கட்டுன புள்ள. மேடையில மட்டுந்தான் பேரச் சொல்லணும், வீட்டுல சொல்லப்படாதுன்னு இந்தத் தடவ மொதல்லயே சொல்லிக் குடுத்துட்டாராம்.