ரஞ்சனி சொன்ன அர்த்தங்கள்

எனக்குக் காலையில் டீ கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை, சார். பாட்டு இருக்க வேண்டும். இரண்டு வருடமாக ஸ்பானிஷ் பாட்டு மட்டும்தான். கட்டபெட்டில் ஜீப் ஓட்டுகிறவனுக்கு ஸ்பானிஷ் எதற்கு என்று நீங்கள் சிரிக்கலாம்.

அப்போதுதான் என் வீட்டு மாடியில் ரஞ்சனி குடிவந்தார். கோயம்புத்தூர்ப் பெண். ஸ்பானிஷ் காதல் பாட்டுகளுக்குத் தமிழில் அர்த்தம் எழுதி ஏதோ கம்பெனிக்கு அனுப்புகிற வேலை. என் வண்டியில் கோத்தகிரிக்குப் போகும்போது பாட்டுப் போடுவார்.

"இதுல என்னங்க சொல்றான்?" என்று கேட்பேன்.

"நீ வந்தப்பறந்தான் மழைக்கு வாசம் இருக்கறதே தெரிஞ்சுதுன்னு பாடறானுங்க."

பதினெட்டு வருடமாக இந்த மலையில் ஓட்டுகிறேன். மூடுபனி என்றால் லைட் போட வேண்டும், அவ்வளவுதான் தெரியும். அவர் சொன்ன பிறகுதான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, தேயிலைச் சரிவில் வெயில் இறங்குவதைப் பார்க்கப் பழகினேன். ஒரு பெண் தினமும் ஒருவனிடம் பனி, நிலா, ஆறு என்று பேசினால் என்ன அர்த்தம்? அதை மட்டும் நான் கேட்கவில்லை. கேட்பது நாகரிகம் இல்லை.

போன வாரம், சித்திரையில் கல்யாணம், வீட்டைக் காலி செய்கிறேன் என்றார். மாப்பிள்ளைக்குத் திருப்பூராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வருத்தத்தை மறைக்கிறவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

ஞாயிறு காலை, ஊருக்குப் போகும் முன் பள்ளத்தாக்கை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அழைத்துப் போனேன். பாறை விளிம்பில் நின்று போட்டோ எடுத்தார். கீழே பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. அந்த மழைப் பாட்டின் அர்த்தத்தை எனக்காக ஒரு தடவை சொல்லுங்கள் என்றேன்.

"உங்களுக்காகவா?" அவர் முகம் மாறியது. "ஜெகதீசண்ணா, அது வெறும் பாட்டுங்க. நான் சம்பளத்துக்குப் பண்ற வேலைங்க. வழி விடுங்க, போலாம்."

நான் வழி விடவில்லை. தோளில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன். கால் வழுக்கி விழுந்ததாக நீங்கள் எஃப்.ஐ.ஆரில் எழுதியிருப்பது தப்பு, சார். பாறை காய்ந்துதான் இருந்தது. இஷ்டமில்லாத கல்யாணத்திலிருந்து அவரைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

விழும்போதும் அண்ணா என்றுதான் கூப்பிட்டார். அந்த நேரத்திலும் எங்கள் விஷயம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று அவருக்கு அவ்வளவு கவனம்.