ஸ்டேஷன் போர்டு வரைக்கும் ஒரு லென்ஸ்

ஜாஸ்மின்: ...அதெல்லாம் இருக்கட்டும். மாடிக்கு வந்து முக்கா மணி நேரம் ஆச்சு. ஒரு போட்டோவாவது எடுத்தீங்களா?

இன்பராஜ்: எடுப்பேன், இரு. இது செல்போன் இல்ல, தட்டினா விழறதுக்கு. ஃபிலிம் கேமரா. ரேஞ்ச்ஃபைண்டர்.

ஜாஸ்மின்: பேரு பெருசாதான் இருக்கு.

இன்பராஜ்: நடுவுல ஒரு சின்ன சதுரம் தெரியும். அதுல எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்கும். லென்ஸ் வளையத்தத் திருப்பினா அந்த ரெண்டும் நகந்து வந்து ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும். உக்காந்தா ஃபோகஸ்.

ஜாஸ்மின்: உக்காந்துச்சா?

இன்பராஜ்: ...எனக்கு மூணா தெரியுது.

ஜாஸ்மின்: மூணா?

இன்பராஜ்: பழைய லென்ஸ். ரஷ்யாக்காரன் செஞ்சது. இருக்கட்டும்னு ஒண்ணு ஜாஸ்தி வெச்சிருப்பான்.

ஜாஸ்மின்: கேமரா பத்து வருஷமா பீரோல தூங்குச்சு. மொத்தமே ரெண்டு ரோல்தான் எடுத்திருப்பீங்க. இப்ப திடீர்னு மெட்ராஸ்ல இருந்து கூரியர்ல இந்த நீட்டு லென்ஸ் எதுக்கு?

இன்பராஜ்: தூரத்துல இருக்கறத கிட்டக்க இழுக்கும். நூத்தி முப்பத்தஞ்சு எம்.எம். அதோ ஆம்பூர் ஸ்டேஷன் போர்டு, அத அப்படியே எடுத்து கையில குடுக்கும்.

ஜாஸ்மின்: குடுத்துச்சா?

இன்பராஜ்: ம்... தெரியுது. ஆம்பூர்னு போட்டிருக்கு.

ஜாஸ்மின்: ஆம்பூர் ஸ்டேஷன்ல ஆம்பூர்னுதான் போடுவாங்க. வாணியம்பாடின்னா போடுவாங்க? கீழ இன்னா இருக்கு?

இன்பராஜ்: கீழ... இந்தி.

ஜாஸ்மின்: அதுக்கும் கீழ?

இன்பராஜ்: நீ இன்னா நாளைக்கு வர்ற கண் டாக்டரா? ஞாயித்துக்கெழமையாவது போய்த் தூங்கேன். நான் ஏழு மணி கம்பெனி பஸ்ல போறேன், நீ தெனமும் ஆறு மணி பஸ்ஸப் புடிச்சு ஓடறே. கட்டிங் செக்‌ஷன்ல உனக்கு மட்டும் இன்னா டார்கெட்டோ.

ஜாஸ்மின்: என் டார்கெட்ட விடுங்க. கண் டெஸ்ட் நாளைக்குத்தானா?

இன்பராஜ்: நாளைக்குத்தான். நம்ம கம்பெனியில தோல் தரம் பிரிக்கிற எட்டு பேருக்கு மட்டும். நம்ம சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர் கேட்டிருக்கானாம்.

ஜாஸ்மின்: ஃபெயில் ஆனா?

இன்பராஜ்: டேபிள்ல இருந்து எழுப்பி பேக்கிங்குக்கு அனுப்பிடுவாங்க. அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கிட்டு இருக்கலாம். எனக்கு இன்னா பயம்? இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஆட்டுத் தோல்ல உண்ணி கடிச்சது எங்கன்னு ஆட்டுக்கே தெரியாது, எனக்குத் தெரியும்.

ஜாஸ்மின்: ஏன் தெரியாது? பொண்ணு பாக்க வந்தன்னிக்கே என் கன்னத்துல இருக்கிற தழும்பப் பாத்துட்டு, பி கிரேடுன்னு உங்க அக்கா காதுல சொன்ன ஆளாச்சே.

இன்பராஜ்: "ஏ கிரேடு, சின்ன மார்க்"னு சொன்னேன். அக்கா பாதிய முழுங்கிட்டா.

ஜாஸ்மின்: பதினெட்டு வருஷமா இதே கதைதான்.

இன்பராஜ்: போர்டு வேணாம், வெயில் எதிர்ல அடிக்குது. அதோ எதிர் மாடியில அஸ்பாக் பாய் நிக்கறாரு பாரு, வெள்ளை ஜிப்பா போட்டுக்கிட்டு. அவர வெச்சுப் பாக்கறேன். பாய், சலாம் பாய்! அப்படியே அசையாம நில்லுங்க, ஒரு போட்டோ.

ஜாஸ்மின்: இன்னாங்க...

இன்பராஜ்: இரு. தங்கமான மனுஷன். சொன்னதும் நின்னுட்டாரு பாரு... லேசாத்தான் ஆடறாரு.

ஜாஸ்மின்: அவரு சம்சாரம் கீழ் ஜன்னல்ல இருந்து கேக்கறாங்க. பதில் சொல்லுங்க.

நசீமுன்னிசா: அண்ணே, யார்கிட்ட பேசறீங்க? அவரு காலையிலயே மேல்விஷாரம் போய்ட்டாரே.

இன்பராஜ்: போய்ட்டாரா? அப்ப மாடியில...

நசீமுன்னிசா: அது பெட்ஷீட்டு அண்ணே. தொவைச்சுப் போட்டிருக்கேன்.

இன்பராஜ்: ...தெரியும்மா. நல்லா வெளுத்திருக்கான்னு பாத்தேன்.

நசீமுன்னிசா: வெளுத்திருக்கா?

இன்பராஜ்: ஏ கிரேடு.

ஜாஸ்மின்: போதும், உக்காருங்க. பெட்ஷீட்டுக்கு சலாம் வெச்ச மொத ஆளு நீங்கதான்.

இன்பராஜ்: எல்லாம் இந்த லென்ஸால வந்த பேஜார். உள்ள பூஞ்சை புடிச்சிருக்கு. பழைய லென்ஸ்ல வரும், வெள்ளையா புகை மாதிரி. அதான் எல்லாமே மங்கலா தெரியுது. நாளைக்கே திருப்பி அனுப்பறேன்.

ஜாஸ்மின்: குடுங்க, நான் பாக்கறேன்.

இன்பராஜ்: உனக்கு அது புடிபடாது. பழக்கம் வேணும்.

ஜாஸ்மின்: குடுங்கன்னா... ம். ரெண்டு போர்டு தெரியுது. வளையத்தத் திருப்பறேன்... நகருது... ஆங், ஒண்ணாயிடுச்சு. இந்திக்குக் கீழ இங்கிலீஷ். போர்டு மேல ஒரு காக்கா.

இன்பராஜ்: காக்காவா?

ஜாஸ்மின்: பறந்துடுச்சு. ஆமா, பெருசா ஒண்ணும் காட்டலியே? வெறும் கண்ணுக்குத் தெரியறத விட சின்னதாத்தான் இருக்கு. கிட்டக்க இழுக்கும்னீங்க?

இன்பராஜ்: அதான் நானும் முக்கா மணி நேரமா யோசிக்கறேன்.

ஜாஸ்மின்: இருங்க. லென்ஸ் மூஞ்சியில கருப்பா வட்டமா இருக்கே, இது இன்னா?

இன்பராஜ்: எது?

ஜாஸ்மின்: மூடி. மூடியக் கழட்டவே இல்ல. லென்ஸ் பாட்டுக்குத் தூங்குது. நீங்க பாத்ததெல்லாம் மேல ஓரத்துல இருக்கிற இந்தச் சின்ன ஜன்னல் வழியா. இதுக்கும் லென்ஸுக்கும் சம்பந்தமே இல்ல. எந்த லென்ஸ் மாட்டினாலும் இது இதேதான் காட்டும்போல.

இன்பராஜ்: அப்ப பூஞ்சை...

ஜாஸ்மின்: ஜன்னல் பளிச்சுன்னு இருக்கு. கேமராவ விடுங்க. இதோ என் கை. இன்னா தெரியுது?

இன்பராஜ்: கை.

ஜாஸ்மின்: கையில?

இன்பராஜ்: மோதிரம்.

ஜாஸ்மின்: வேற?

இன்பராஜ்: வேற இன்னா? வளையல் வேணும்னா நேராக் கேளேன்.

ஜாஸ்மின்: ...சரி, விடுங்க. ஒரு வாரமா பாத்ரூம்ல "இ, எஃப், பி, டி"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்களே, அது இன்னா?

இன்பராஜ்: கேட்டுச்சா?

ஜாஸ்மின்: மொதல்ல ஜெபம் பண்றீங்கன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா ஆமென் வரவே இல்ல.

இன்பராஜ்: கண் டாக்டர் மாட்டற எழுத்து சார்ட்டு. கம்பெனிக்கு முன்னாடியே வந்துடுச்சு. செக்யூரிட்டி வேலுதான் போட்டோ புடிச்சு அனுப்பினான். செல்போன்ல பெருசு பண்ணி, கடைசி வரி வரைக்கும் மனப்பாடம். எஸ்.எஸ்.எல்.சி.க்கு இவ்ளோ படிச்சிருந்தா இந்நேரம் நான் மேனேஜர்.

ஜாஸ்மின்: எத்தன நாளாங்க இப்படி?

இன்பராஜ்: ஈஸ்டருக்கு அப்புறம்... ரெண்டு மாசம் இருக்கும். கண்ணுல பால் ஊத்தின மாதிரி. லைட்ட பாத்தா ஒண்ணு மூணாத் தெரியுது.

ஜாஸ்மின்: இந்த லென்ஸ் அதுக்குத்தானா?

இன்பராஜ்: ம். பெருசாக் காட்டும், போர்டப் படிச்சுட்டா கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு நம்பிக்கலாம். படிக்க முடியலன்னா லென்ஸ் மட்டம்னு திட்டிக்கலாம். எப்படி விழுந்தாலும் நான் பாஸ். மூடியக் கழட்டணும்னு மட்டும் தோணல.

ஜாஸ்மின்: மூடி இல்லாம ஒரு படமாவது எடுக்கலாம். நான் கொஞ்சம் பின்னாடி போறேன், அசையாதீங்க. பெட்ஷீட்டு மாதிரி நில்லுங்க... ம், எடுத்துட்டேன்.

இன்பராஜ்: இந்த மூஞ்சியவா எடுத்தே?

ஜாஸ்மின்: கட்டத்துக்குள்ள மூக்குதான் ஜாஸ்தி தெரிஞ்சுது.

இன்பராஜ்: சிரி, நல்லா சிரி. ஆனா ஒண்ணு ஜாஸ்மின். ரெண்டு மாசத்துல என் டேபிள்ல இருந்து போன ஒரு தோல் கூட குறை சொல்லித் திரும்பி வர்ல. ஒண்ணு கூட. கண்ணு மங்கினாலும் கைக்குத் தெரியுது பாத்தியா? அந்தத் தைரியத்துலதான் சார்ட்ட மனப்பாடம் பண்ணேன். நாளைக்கும் ஒப்பிச்சுட்டு வந்துடுவேன். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லியே.

ஜாஸ்மின்: திரும்பி வராதுங்க. நீங்க பாஸ் பண்ற தோல் கட்டு எல்லாம் வெட்டறதுக்கு என் மேஜைக்குத்தான் வருது. ஆறு மணி பஸ்ல போய், யாரும் வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தோலா விரிச்சு, நீங்க விட்ட ஓட்டைக்கெல்லாம் வெள்ளி மைப் பேனாவுல வட்டம் போட்டு, அத ஒதுக்கிட்டு வெட்டறேன். இதோ கைய இன்னும் கிட்டக்கக் கொண்டு வர்றேன், இப்பப் பாருங்க... விரல் பூரா அந்த மைதான். இது இன்னாடின்னு ஒரு நாளாவது கேப்பீங்கன்னு ரெண்டு மாசமாப் பாத்தேன். நாளைக்கு டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லிடுங்க. எனக்கும் ஏழு மணி பஸ்ல, உங்க பக்கத்து சீட்டுல உக்காந்து போகணும்னு ஆசையா இருக்கு.