வறுத்த கோதுமை மேட்டில் ஹூமன்

கோடையில் லூத் பாலைக்குப் போகிறவர்கள் தண்ணீரோடு தர்பூசணியும் எடுத்துப்போவது நல்லது. தண்ணீர் பத்து மணிக்குள் வெந்நீராகிவிடும். தர்பூசணியை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மதியம்வரை குளிர்ச்சி விடாது. அந்த வெள்ளிக்கிழமை நான்கு பழம் ஏற்றினேன், மூன்றுதான் உடைத்தோம். மிச்சம் ஒன்று வண்டியின் பின்னால் கிடக்கிறது. இந்நேரம் அழுகியிருக்கும், உங்கள் காவலர்களை எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டபடி முதலிலிருந்தே சொல்கிறேன்.

வெயில் ஏறும் கொர்தாத் மாதத்து முதல் வெள்ளி அது. கெர்மானிலிருந்து ஏழு பேர் வந்திருந்தார்கள், எல்லோரும் ஒரே மலையேற்றக் குழு. அந்த மாதத்தில் நான் ஆட்களை அழைத்துப்போவதில்லை. ஆனால் அவர்களில் மருந்துக்கடை வைத்திருக்கும் மஹ்லகா அம்மாள் மூன்று முறை தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். எங்கள் ஷாஹ்தாதிலிருந்து விடியுமுன் புறப்பட்டோம். என் வண்டியில் நான்கு பேர், என் மச்சினன் ரொஸ்தம் ஓட்டிய வண்டியில் மூன்று பேர். காற்று செதுக்கிய கலூத் மண்கோட்டைகள், உப்பாறு, கடைசியாக கந்தோம் பெர்யான். வறுத்த கோதுமை என்று அர்த்தம். கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்புக் கல்தான். சாயங்காலம் ஊர் திரும்பிவிடலாம்.

ஹூமன் என் பக்கத்தில் முன்னிருக்கையில் உட்கார்ந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். நில அளவை வேலை. அடக்கமான பிள்ளை. ஏறும்போதே, "மாமா, நான் தொணதொணன்னு கேள்வி கேப்பேன், கோவிச்சுக்காதீங்க" என்றான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இருபத்தாறு வருடமாக நான் அந்தப் பாலையில் ஓட்டுகிறேன். என் அப்பா ஒட்டகத்தில் போன வழிகள் அவை. ஷாஹ்தாதில் யாரைக் கேட்டாலும், லூத்துக்குள் போக வேண்டுமென்றால் எஸ்கந்தரைப் பார் என்பார்கள். ஒரு வருடமாக எனக்குத் தூரத்துப் பொருள்களின் விளிம்பு கொஞ்சம் கரைந்து தெரிகிறது. நெய் பட்ட காகிதத்தின் வழியாகப் பார்ப்பதுபோல. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வழி என் கையிலும் காலிலும் இருக்கிறது.

அன்று காலை கலூத்துக்குள் ஒரு திருப்பம் முன்பின்னாகிவிட்டது. பின்னிருக்கையில் மூவரும் தூக்கம். பதினொரு கிலோமீட்டர் போனபிறகு ஹூமன் தன் கையிலிருந்த வழிகாட்டிக் கருவியை மெல்ல என் பக்கம் திருப்பினான்.

"மாமா, நாம கிழக்கால போறோம்னு தோணுது. நான் தப்பாக்கூடப் பார்த்திருப்பேன்."

"இந்தப் பக்கம் இன்னும் அழகா இருக்கும். அதான் வந்தேன்" என்றேன்.

"சரிங்க மாமா" என்றான். நான் வண்டியைத் திருப்பினேன்.

காலை உணவுக்கு ஒரு மண்சுவரின் நிழலில் நிறுத்தினோம். ரொட்டி, பாலாடைக்கட்டி, பேரீச்சம்பழம். நான் தேநீர் ஊற்றும்போது கொஞ்சம் குவளைக்கு வெளியே போனது.

"அண்ணே, பாலைவனத்துக்கும் தாகம் எடுக்கும்னு ஊத்துறீங்களா?" என்று மஹ்லகா அம்மாள் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஹூமன் மட்டும் சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவும் சாக்கில் என்னிடம் வந்தான்.

"மாமா, எங்கப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. கண்புரை. அரை மணி நேர ஆபரேஷன். கெர்மான்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. நானே கூட்டிட்டுப் போறேன்."

"யாருக்குடா கண்புரை?"

"நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா சரியாகுற வரைக்கும் ஆளுங்களை ஏத்தாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நீங்க கேக்கலைன்னா, ரொஸ்தம் அண்ணன்கிட்ட பேசறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல மாமா."

சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தான். அதன்பிறகு வழியெல்லாம் எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே வந்தான். இடது பக்கம் பள்ளம் மாமா. முன்னால கல் மாமா. கொஞ்சம் மெதுவா மாமா. தொட்டிலில் கிடக்கும் குழந்தையிடம் பேசும் குரல் அது. உப்பாற்றைத் தாண்டியபோது எனக்குள் எல்லாம் அமைதியாகிவிட்டது. கோபம் என்று எழுதாதீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை.

கந்தோம் பெர்யானுக்குப் போய்ச் சேரும்போது மணி இரண்டு. இருபது நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்கக்கூடாது. செருப்பின் அடிப்பாகம் இளகிவிடும். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஹூமனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அந்த மேட்டுக்குப் பின்னால ஒரு பள்ளம் இருக்கு. அதுல போய் நின்னா உன் நெஞ்சு துடிக்கிறதே உனக்குக் கேக்கும். எல்லாருக்கும் காட்டறதில்ல. போயிட்டு வா, நாங்க இருக்கோம்."

அவன் முகம் மலர்ந்தது. நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்திருப்பான். கையில் அரை லிட்டர் பாட்டில் இருந்தது. கருவி என் வண்டியில் மின்னேற்றத்தில் இருந்தது, பையும் அங்கேதான். "எடுத்துக்கட்டுமா மாமா?" என்று கேட்டான். "அஞ்சு நிமிஷத்துக்கு எதுக்கு?" என்றேன்.

அவன் மேட்டைத் தாண்டியதும் ரொஸ்தமிடம் போய், ஹூமன் என் வண்டியில் ஏறிவிட்டான், நீ முன்னால் போ என்றேன். என் வண்டியில் இருந்தவர்களிடம், ஹூமன் ரொஸ்தமோடு வருகிறான், அவனுக்குக் குளிர்காற்று வேண்டுமாம் என்றேன். என் வண்டியின் குளிர்சாதனம் அன்று சரியாக வேலை செய்யவில்லை, அது உண்மை. "கொடுத்து வச்சவன்" என்றார் மஹ்லகா அம்மாள். ஆகையால் நான் சொன்ன பொய் மொத்தம் இரண்டு வரிதான். வண்டி நகர்ந்தது. ரொஸ்தம் நிற்காமல் முன்னால் போய்விட்டான்; நாங்கள் மட்டும் திரும்பும் வழியில் உப்பாற்றில் கால் நனைக்கப் பத்து நிமிடம் நிறுத்தினோம்.

ஷாஹ்தாத் தேநீர்க் கடையில் இறங்கியபோதுதான் தலை குறைவது தெரிந்தது. ரொஸ்தம் என்னைப் பார்த்தான். "உங்க வண்டியில ஏறிட்டான்னுதானே மச்சான் சொன்னீங்க?" "ஏறினவன்தான், குளிர்காத்து வேணும்னு இறங்கினான், உன் வண்டிக்கு வந்துட்டான்னு நினைச்சேன்" என்றேன். யாருக்கும் என்மேல் சந்தேகம் வரவில்லை. எல்லோரும் தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டிருந்தார்கள். மஹ்லகா அம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை முழுக்க மீட்புக் குழுவை உப்பாற்றங்கரையில் அலையவிட்டேன். வந்த தடத்திலேயே அங்கே நடந்து வந்திருப்பான் என்று நான் சொன்னபிறகு மறுத்துப் பேச யார் இருக்கிறார்கள்? ஞாயிறு மதியம்தான் கந்தோம் பெர்யானையும் பார்த்துவிடலாம் என்று நானே சொன்னேன். உடலை அவன் வீட்டாரிடம் கொடுக்க வேண்டும் இல்லையா. அவன் அம்மா மாத்திரையால்தான் உயிரோடு இருக்கிறவர்.

அவன் எங்கும் நடந்து போகவில்லை. புத்திசாலி. வண்டி நின்ற இடத்திலேயே கறுப்புக் கற்களை அம்புக்குறிபோல் அடுக்கிவிட்டு, பாறை நிழலில் பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நான் மற்றவர்களுக்கு முன்னால் போய்விட்டேன். அவன் கையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தேடுவதற்குக் கூட வந்திருந்த அவனுடைய தம்பி என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். நீங்கள் இல்லாவிட்டால் எலும்புகூடக் கிடைத்திருக்காது என்றான்.

அந்தக் காகிதத்தை அன்றே எரித்திருக்கலாம் என்கிறீர்கள். எரித்திருக்கலாம். ஆனால் என்ன எழுதியிருக்கிறான் என்று தெரியாமல் எப்படி எரிப்பது? பென்சில் எழுத்து, பொடிப்பொடியாக. விளக்கடியிலும் வெயிலிலும் பிடித்துப் பார்த்தேன், ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. திங்கள் சாயங்காலம் என் மகள் பரஸ்தூவிடம் கொடுத்தேன். வண்டியில் கிடந்த காகிதம், என்னவென்று படி என்றேன். அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"எஸ்கந்தர் மாமாவைக் குறை சொல்லாதீர்கள். அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. காலையிலிருந்தே எனக்குத் தெரியும். நான்தான் மற்றவர்களிடம் சொல்லாமல் விட்டேன். நான் வண்டியில் இல்லாதது அவருக்குத் தெரிந்திருக்காது. அவருக்கு ஆபரேஷன் செய்து வையுங்கள். அம்மாவிடம் நான் வலியில்லாமல் போனேன் என்று சொல்லுங்கள்."

பரஸ்தூ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அப்பா, அந்த மனுஷன் சாகும்போதும் உங்களைக் காப்பாத்தியிருக்காரு. இதைப் போலீஸ்ல கொடுத்தா போதும், உங்களை யாரும் ஒண்ணும் செய்யமாட்டாங்க." நான் தடுப்பதற்குள் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்துவிட்டாள். நீங்களும் படித்துவிட்டு, விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். அது உங்கள் பெருந்தன்மை.

செவ்வாயிலிருந்து ஊர் மாறிவிட்டது. தெருவைக் கடக்கும்போது யாராவது ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ரொட்டிக்கடையில் சில்லறையை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்து, இது இவ்வளவு அது இவ்வளவு என்று சொல்கிறார்கள். ரொஸ்தம் வண்டிச் சாவியை எடுத்துப்போய்விட்டான். "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே மச்சான். உங்க மேல தப்பில்ல, கண்ணு செஞ்ச தப்பு" என்கிறான். நேற்று ஹூமனின் தம்பியே தொலைபேசியில் பேசினான். கெர்மானில் டாக்டரிடம் நாள் குறித்துவிட்டானாம். அண்ணனின் கடைசி ஆசையாம்.

அதனால்தான் இன்று வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று நீங்கள் எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். அந்தக் காகிதத்தில் இருப்பது தவறு. அதைத் திருத்த வந்திருக்கிறேன். ஆள் ஏறினானா இல்லையா என்று தெரியாமல் வண்டியை எடுக்கிறவன் நான் இல்லை. நான் தெரிந்துதான் விட்டுவந்தேன். முந்நூறு அடி போனதும் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். ஹூமன் மேட்டின் மேல் ஏறி நின்று இரு கைகளையும் தூக்கி ஆட்டினான். அவன் வாய் திறந்திருந்ததுகூடத் தெரிந்தது. நீலச் சட்டை, முழங்கைவரை மடித்துவிட்டது.

வெள்ளைச் சட்டை என்கிறீர்கள். மஹ்லகா அம்மாள் எடுத்த படங்களிலும் உடலின் மேலும் வெள்ளைதான் என்கிறீர்கள். இருக்கட்டும். நீங்கள் படத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள், நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நீலம் என்றே எழுதுங்கள்.