டாக்டர் பெயரில் நான் எழுதிய பரீட்சை

எனக்குப் பரீட்சை எழுதப் பிடிக்கும் சார். சிலருக்குத் தோட்டம், சிலருக்குத் தையல், எனக்கு இது. டாக்டர் ஹால்டன் ப்ரூயிட்டின் பல் கிளினிக்கில் இருபத்திரண்டு வருடமாக முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். போன் எடுப்பேன், தேதி கொடுப்பேன், மீதி நேரத்தில் டாக்டருக்காகப் படிப்பேன்.

டாக்டருக்கு ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு கிளினிக், பாலம் தாண்டி அடுத்த மாநிலத்தில் இன்னொன்று. ஆகவே லைசென்ஸும் இரண்டு. புதுப்பிக்க வேண்டுமானால் நம் மாநிலம் நாற்பது மணி நேரம் படி என்கிறது. அவர்கள் பன்னிரண்டு போதும் என்கிறார்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது வரும் ஆபத்தைப் பற்றி நமக்கு நான்கு மணி நேரம் கட்டாயம். அவர்களுக்கு அது வேண்டாம், ஒழுக்கநெறி மூன்று மணி நேரம் வேண்டும். அங்கே எவனுக்கும் மூச்சு நிற்காது, இங்கே எவனும் ஒழுக்கம் கெட மாட்டான் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் போல. முடி வெட்டுகிறவர்களுக்கும் இதே கூத்துதான். இந்தக் கரையில் வகுப்பு உண்டு, அந்தக் கரையில் கிடையாது. பாலத்துக் காற்றில் கத்திரி தானாகக் கற்றுக்கொள்ளும்.

இதெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறீர்களா?' என்று கேட்கும். இருக்கிறேன் என்று அமுக்க ஒரு ஆள் வேண்டும்.

"நோரீன், நீ இதை அமுக்கிட்டே இரு. வாத்து சீசன் முடிஞ்சிடும்," என்று டாக்டர் ஒருநாள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அன்று ஆரம்பித்தது. பிறகு லைசென்ஸ் வைத்திருந்த மற்ற ஊர்க்காரர்களும் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். மற்றவர்கள் வெறுமனே அமுக்குவார்கள். நான் படித்தேன். அதுதான் வித்தியாசம். ஒழுக்கநெறிப் பரீட்சையை அடுத்தவர் பெயரில் பதினாறு தடவை எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூடத் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியதில்லை.

போன அக்டோபரில் நம் மாநிலப் பல் மருத்துவ வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. யாரைச் சரிபார்ப்பது என்று சும்மா சீட்டுக் குலுக்கியதில் டாக்டர் பெயர் விழுந்துவிட்டது. 'எல்லா வகுப்பையும் நானே படித்தேன்' என்று அவர் தேதியோடு சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். போட்டு அனுப்பினார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் கேலின். பல் சுத்தம் செய்யும் பெண், பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவள். படித்ததெல்லாம் அந்தப் பக்கத்துப் பாடம். ஆனால் நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை.

"டாக்டர், மார்ச்ல வகுப்பா? மார்ச்ல நீங்க மீன் பிடிக்கப் போனதா சொன்னீங்களே?" என்றாள்.

"படகுல உட்கார்ந்து படிச்சேம்மா," என்றார் டாக்டர். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை லோர்னா டீக் வந்தாள். மயக்க மருந்து கொடுத்துக் கடைவாய்ப் பல் எடுக்க. நெடுஞ்சாலை உணவுக்கடையில் பழம் வைத்த 'பை' பலகாரம் சுடுகிறவள், எனக்குப் பள்ளித் தோழி. எனக்கு அவளைப் பிடிக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"ஏய் நோரீன், உன் டாக்டர் கை நடுங்காம இருப்பாரா? இல்ல வாத்தைச் சுடற மாதிரி என்னையும் சுட்டுடுவாரா?"

"நீ வாயை மூடினாத்தானேடி அவர் ஒழுங்கா வேலை செய்ய முடியும்."

"வாயை மூடினா பல்லை எப்படிடி எடுப்பார்?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

கால் மணி நேரத்தில் கேலின் கத்தினாள். நான் முதலில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அதில் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. பிறகு உள்ளே போனேன். லோர்னாவின் உதடு நீலம். மார்பு அசையவில்லை. டாக்டர் மூக்குக் குழாயில் ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டே இருந்தார். இழுக்காத மூக்கில் எவ்வளவு விட்டு என்ன பயன்? மயக்க மருந்துப் பரீட்சையில் பதினான்காம் கேள்வி அதுதான். தலையைச் சாய்த்து, தாடையைத் தூக்கி, கையால் அமுக்கி மூச்சு ஊதும் பையை வாயில் பொருத்த வேண்டும். பிறகு மயக்கத்தை முறிக்கும் மருந்து. பையும் மருந்தும் என் முதுகுக்குப் பின்னால், இரண்டாவது இழுப்பறையில். பாடத்தில் சொன்னார்கள் என்று நானே வரவழைத்து வைத்தவை. டாக்டருக்கு அங்கே இழுப்பறை இருப்பதே தெரியாது.

கேலின் லோர்னாவின் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். "டாக்டர், உங்க வகுப்புல என்ன சொன்னாங்க? சொல்லுங்க டாக்டர், எங்க பக்கம் இதைச் சொல்லித் தரல!"

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"நோரீன்... என்ன சொன்னாங்க?"

நான் சொல்லியிருந்தால் கேலினுக்கு அந்த நொடியே புரிந்திருக்கும். கடிதம் போய் ஆறு நாள்கூட ஆகவில்லை. டாக்டர் லைசென்ஸ் போயிருக்கும், நான் எழுதிக் கொடுத்த ஊர்க்காரர்கள் பதினொரு பேருடையதும் வரிசையாகப் போயிருக்கும். இத்தனை குடும்பங்களை யோசிக்க வேண்டாமா? யோசித்தேன்.

"நீங்கதானே டாக்டர் வகுப்புக்குப் போனீங்க," என்றேன்.

ஆம்புலன்ஸ் வரப் பதினொரு நிமிடம் ஆனது. நான் நகரவில்லை.

லோர்னாவின் அடக்கத்துக்குப் பன்றிக்கறி போட்ட உருளைக்கிழங்கு செய்து கொண்டுபோனேன். அவள் புருஷன் ராய்ஸ் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். டாக்டர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் முதலில் போவது அவர்தான். வாரியம் அவருக்குக் கூடுதலாக எட்டு மணி நேரப் பாடம் விதித்தது. அதையும் நான்தான் எழுதினேன். நூற்றுக்கு நூறு.

இதோடு முடிந்திருக்கும் சார். நானாக வந்திருக்க மாட்டேன். ஆனால் நேற்று லோர்னா செத்தது பற்றிய உங்கள் விசாரணை அறிக்கையின் நகலை அனுப்பினீர்களே, அதில் ஏழாம் பக்கத்தில் என்னைப் பற்றி ஒரே ஒரு வரி. 'அறையில் இருந்த மூன்றாவது நபர் எந்தப் பயிற்சியும் இல்லாத முன்மேசைப் பெண். அவரால் எதுவும் செய்திருக்க முடியாது.' ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு எரிச்சல். லோர்னாவுக்காகக்கூட நான் ஒரு ராத்திரி விழித்ததில்லை. அந்த வரியை அடித்துவிடுங்கள். அவளை எப்படிப் பிழைக்க வைப்பது என்று அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.