நாக்குக்கு ஓர் ஆள்

டீக்கு நன்றி ஐயா. சர்க்கரை போதுமா என்று கேட்காதீர்கள். எனக்குச் சூடு மட்டும்தான் தெரியும்.

சைனஸ் வந்து மூக்கு அடைத்துப் பல வருடமாகிறது. ஆபரேஷன் செய்தும் உள்ளே சதை திரும்ப வளர்ந்தது. முதலில் வாசனை போனது, பின்னோடு ருசியும் போனது. நானோ தொழிற்சாலை கேண்டீனில் மாஸ்டர். வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்று கூடப்பிறந்த தம்பியை உதவிக்குச் சேர்த்துக்கொண்டேன். நான் சமைப்பேன், அவன் ருசி பார்ப்பான். அவன் தலையாட்டினால்தான் அண்டாவை இறக்குவேன்.

ஒருநாள் முதலாளி விருந்தாளிகளோடு சாப்பிட வந்தார். "சூப் அருமைண்ணே, இறக்கிடுங்க" என்றான் தம்பி. முதலாளி முதல் வாயிலேயே துப்பினார். உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. இரண்டாவது தடவை போட்டது நானில்லை. தம்பி கையைக் கட்டிக்கொண்டு, "அண்ணனுக்கு நாக்கு செத்து ரொம்ப நாளாச்சு சார். நான்தான் மறைச்சுட்டேன்" என்றான்.

அவன் மாஸ்டரானான். நான் பாத்திரம் கழுவினேன். மதியம் என் தட்டில் ஊசிப்போனதை வைப்பான். நான் மென்று விழுங்குவதை எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

"நல்லா இருக்காண்ணே?"

நல்லா இருக்கு என்பேன்.

போன வாரம் அவனுக்குச் சளி பிடித்தது. "மூக்கு அடைச்சு ஒரு ருசியும் தெரியலண்ணே, பைத்தியமே பிடிச்சிடும் போல" என்று என்னிடமே வந்து அழுதான். ஒரு சளிக்கு. அப்போதுதான் ஐயா எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் அவன் வருவதற்கு முன்னாலேயே கேண்டீனுக்குப் போய் ஜன்னல்களைச் சாத்தி, கேஸைத் திறந்துவிட்டேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். சீறிக்கொண்டு வந்தது. வெளியே குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தேன். அவன் தும்மிக்கொண்டே உள்ளே போனான். காய் நறுக்குகிற அக்கா வாசலிலேயே நின்று, "கேஸ் நாத்தம் குடலைப் பிடுங்குதே, தெரியலையா உங்களுக்கு?" என்றாள்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன்.

அவனைக் கூப்பிட அவளே உள்ளே ஓடினாள்.

மூக்கில்லாதவன், பாவம், கவனிக்காமல் விட்டுவிட்டான் என்று நீங்கள் எஃப்.ஐ.ஆரில் விபத்தாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். திறந்தது நான்தான், தெரிந்தேதான் திறந்தேன். ஆனால் தீக்குச்சியைக் கிழித்தது அவன். அந்த அக்காவைக் கொன்றவனும் அவன்தான் ஐயா. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.