தப்பான விடைகள் என்னுடையவை

காவல் நிலையத்தில் என்னை உட்காரவைத்து விசாரித்தபோது நான் சொன்னது பின்வருமாறு. என் பெயரும் விலாசமும் தனித்தாளில் உள்ளன. என் மகளுக்குப் பதினெட்டு நிறையவில்லை என்பதால் அப்படிச் செய்வதாக உதவி ஆய்வாளர் சொன்னார். எனக்கு வயது நாற்பத்து மூன்று. ஒன்பதாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். கணவர் சரக்கு லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஒரே மகள், பன்னிரண்டாம் வகுப்பு. நான் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். அது தரைக்குக் கீழே உள்ள அறை. ஜன்னல் கிடையாது. படுக்கை விரிப்புகளைச் சூடான உருளையில் விட்டு, மறுபக்கம் பிடித்து, மடித்து, ரேக்கில் அடுக்குவது என் வேலை.

கல்வியாண்டின் தொடக்கத்தில் மகளின் பள்ளியில் மேல்வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் மடிக்கணினி கொடுத்தார்கள். பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். நான் போனேன். மாணவரைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது, வெளியாருக்குக் கொடுத்தால் திரும்பப் பெறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அம்மா வெளியாரில் சேர்த்தியா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதன் பிறகு மகள் தினமும் மாலையில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அதில் கணக்குப் போடுவாள். நான் காய் நறுக்கிக்கொண்டு பார்ப்பேன். விடை சரியென்றால் அடுத்து கொஞ்சம் கடினமான கணக்கு வரும். தப்பென்றால் கொஞ்சம் எளிதானது வரும். தப்புக்குப் பெருக்கல் குறியோ சிவப்பு எழுத்தோ வருவதில்லை. "இன்னொரு முறை பார்க்கலாமா?" என்று பச்சையில் வரும். நான் படித்த பள்ளியில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஒருநாள் அவளிடம், "இது என்னடி, எனக்கும் சொல்லேன்" என்றேன்.

"ஐயோ அம்மா, நாளைக்கு டெஸ்ட் இருக்கு. நீ போய்ப் படு."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. இது பதிவாக வேண்டும்.

மடிக்கணினியைப் பள்ளிக்குக் கொண்டுபோகத் தேவையில்லை, வீட்டுப்பாடத்துக்கு மட்டும்தான். பகலில் அது அலமாரியில் சும்மா இருக்கும். அதன் பிறகு ஒருநாள் அதைத் துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வேலைக்குக் கொண்டுபோனேன். மதிய இடைவேளையில் மற்றவர்கள் மேலே சாப்பிடப் போவார்கள். நான் அழுக்குத் துணி வண்டிகளுக்குப் பின்னால், கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்துகொள்வேன். ஹோட்டலின் வைஃபை அங்கே கொஞ்சம் கிடைக்கும். கடவுச்சொல் மகள் விரல் போகும் வழியைப் பார்த்து எனக்குத் தெரியும். இடைவேளை முடிந்ததும் மடிக்கணினியை ரேக்கில், பெரிய கட்டில் விரிப்புகளுக்கு நடுவில் வைத்துவிடுவேன். அந்த அடுக்கை யாரும் அவசரத்துக்கு எடுப்பதில்லை.

முதல் நாட்களில் கேள்வியே புரியவில்லை. ஏதோ ஓர் எண்ணைப் போடுவேன். நான் தப்பாகப் போடப் போட அது இறங்கி வந்தது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கிலிருந்து பத்து, பத்திலிருந்து எட்டு. என் உயரத்துக்கு வந்து நின்றது. அங்கிருந்து நான் போட ஆரம்பித்தேன்.

மறுநாள் திறந்தால் மறுபடியும் கடினமாக இருக்கும். மெஷினுக்கு என்மேல் ஒரு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன். மாலையில் மகள், "என்னம்மா இது, குழந்தைக் கணக்காக் குடுக்குது, லூசு பிடிச்சிருச்சா இதுக்கு?" என்பாள். நான் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். அவள் மாலையில் ஏற்றினாள். நான் மதியம் இறக்கினேன். ஒரே ஏணி என்று இரண்டு பேருக்கும் தெரியாது. சிலேட்டில் எழுதி அழித்ததுபோல் நான் போட்டது போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அதன் பிறகு பள்ளியில், பொறியியல் நுழைவுத் தேர்வுக்கான சிறப்பு வகுப்புக்குத் தேர்வானவர்களின் பெயர்களை வாசித்தார்கள். மகள் வீட்டுக்கு வந்து, "என் பேர் வரலம்மா" என்றாள். கழுவி வைத்த தட்டை எடுத்து மறுபடியும் கழுவினாள். எனக்குக் கேட்கத் தோன்றியதெல்லாம், "யாரு பேரு வந்துச்சு?" என்பதுதான். எப்படித் தேர்வு செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாளும் மடிக்கணினியைக் கொண்டுபோனேன்.

அதன் பிறகு நேற்று மதியத்துக்கு மேல், ஏதோ திருமணக் கூட்டம் வந்து அறைகள் நிறைந்துவிட்டதால், சூப்பர்வைசரே கீழே இறங்கி வந்து பெரிய விரிப்புகளை அள்ளினார். மடிக்கணினி தரையில் விழுந்தது. ஒரு மூலை நெளிந்தது.

"எந்த ரூம்லேருந்து வந்துச்சு இது?" என்று கேட்டார்.

எங்களோடு வேலை செய்கிறவள் ஒருத்தி, நாள் முழுக்கப் பேசுவதால் அவளை ரேடியோ என்று கூப்பிடுவோம். அவள்தான் சொன்னாள்: "சார், ரூமும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் சாப்பிட்டுக் கீழ வரும்போது அக்கா தினம் அதைத்தான் மடியில வெச்சு உக்காந்திருக்கும். சீரியல் பாக்குதுன்னு நெனச்சேன். ஆனா சீரியல் பாத்து யாரும் விரல் விட்டு எண்ண மாட்டாங்களே."

"நீ வாயை மூடு. ஏம்மா, உண்மையைச் சொல்லு. கெஸ்ட்டோடதா?"

பள்ளியின் விதி நினைவுக்கு வந்தது. என் மகளுடையது, ரிப்பேருக்குக் கொடுக்க எடுத்துவந்தேன் என்றேன். ரிப்பேர் என்றது பொய். சூப்பர்வைசர் நம்பாமல் என்னை இங்கே கூட்டிவந்தார். இங்கும் முதலில் அதையே சொன்னேன். எந்தக் கடை என்று உதவி ஆய்வாளர் கேட்டதும் எனக்குக் கடை தெரியவில்லை.

அதன் பிறகு அடியில் ஒட்டியிருந்த எண்ணை வைத்துப் பள்ளிக்குப் பேசினார்கள். இன்று காலை கணக்கு ஆசிரியை வந்தார். மடிக்கணினி திருட்டுப் பொருள் அல்ல என்று தெளிவானது. ஆசிரியை பள்ளிப் பதிவிலிருந்து மகளின் விடைகளை எடுத்து வந்திருந்தார். மதியத்தில், அவள் வகுப்பில் இருந்த நேரத்தில், விடைகள் போடப்பட்டிருக்கின்றன. அந்த விடைகளால் ஏறி இறங்கும் படிநிலையை வைத்துத்தான் சிறப்பு வகுப்புக்கு ஆள் எடுத்தார்கள் என்றும் சொன்னார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள். குடிக்கவில்லை.

மகளிடம் பள்ளியில் ஏற்கெனவே எழுதி வாங்கியிருந்தார்கள். அதை உதவி ஆய்வாளர் வாசித்தார். வகுப்பிலிருந்து நழுவி வந்து தானே போட்டதாகவும், எல்லாத் தப்புகளும் தன்னுடையவை என்றும், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்றும் எழுதியிருந்தாள். கடைசி வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்.

"அவ சொல்றது பொய்ங்க. அந்தத் தப்பெல்லாம் நான் போட்டது" என்றேன்.

ஆசிரியை சொன்னார்: "வேற ஆள் போட்டதுதான்னு உறுதியானா அவளுக்குத் தனியா ஒரு தேர்வு வெச்சு வகுப்புல சேத்துக்கலாம். இல்லேன்னா இந்த வருஷம் வாய்ப்பே இல்ல. ஆனா நீங்க வாயால சொன்னா மேல ஒத்துக்க மாட்டாங்கம்மா. பொண்ணைக் காப்பாத்தச் சொல்றீங்கன்னுதான் சொல்லுவாங்க."

"அப்ப எனக்குக் கணக்கு குடுங்க டீச்சர்."

ஆசிரியை பதிவிலிருந்து மூன்று கணக்குகளை ஒரு தாளில் எழுதித் தந்தார். முதல் கணக்கு: மூன்று பேர் ஆறு மணி நேரத்தில் முடிக்கும் வேலையை ஆறு பேர் எத்தனை மணி நேரத்தில் முடிப்பார்கள். இரண்டாவது: ஒரு குழாய் தொட்டியை நான்கு மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் நிறைந்த தொட்டியை ஆறு மணி நேரத்தில் காலி செய்யும், இரண்டையும் திறந்துவிட்டால் எப்போது நிரம்பும். மூன்றாவது: மூன்றில் இரண்டையும் ஐந்தில் ஒன்றையும் கூட்டு.

நான் போட்டேன். மூன்று. பன்னிரண்டு. பதினைந்தில் பதின்மூன்று.

ஆசிரியை பார்த்துவிட்டு உதவி ஆய்வாளரிடம் நீட்டினார். அவர், "என்னம்மா, எல்லாம் சரியா இருக்குதாமே. சரியாப் போடுறவங்க எப்படி அந்தத் தப்பைப் போட்டிருப்பீங்க?" என்றார்.

அந்தக் கணக்குகளை இப்போது எனக்குப் போடத் தெரியும். பேனாவைக் கையில் கொடுத்ததும் சரியாகப் போட வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை. எதற்காகப் போடுகிறேன் என்பது போட்டு முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. மகளின் ஒரு வருடம் அந்தத் தாளில் இருந்தது.

இன்னொரு தாள் கேட்டேன். அதில் ஆறு, நான்கு, எட்டில் மூன்று என்று எழுதினேன். ஆசிரியை பதிவோடு ஒப்பிட்டார். மூன்றும் பொருந்தின. "பொண்ணு சொல்லிக் குடுத்து நீங்க மனப்பாடம் பண்ணியிருக்கலாமே" என்று உதவி ஆய்வாளர் சொன்னார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

அதன் பிறகு காரணம் சொன்னேன். எங்கள் அறையில் இருப்பது ஒரே உருளை. மூன்று பேர் நின்றாலும் ஆறு பேர் நின்றாலும் அது ஓடுகிற வேகத்தில்தான் ஓடும். மீதி மூன்று பேர் ரேடியோ பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அதனால் ஆறு. கணக்கில் ஆளுக்கொரு உருளை இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது புரியப் பல மதியம் ஆனது. தொட்டிக்கு நான்கு போட்டது, காலி செய்யும் கீழ்க்குழாயை மனதில் நானே அடைத்துவிட்டதால். தண்ணீர் பிடிக்கும்போது அதைத் திறந்துவைத்தால் எங்கள் சூப்பர்வைசர் வேலையை விட்டே அனுப்பிவிடுவார். மூன்றாவதற்குக் காரணம் எதுவும் இல்லை. மேலிருந்ததை மேலோடும் கீழிருந்ததைக் கீழோடும் கூட்டினேன். தெரியாமல் போட்டது.

ஆசிரியை சிரிக்கவில்லை. "கீழ்க்குழாயை மூடுனா என்னன்னு ஆறாம் கிளாஸ்ல எல்லாப் பிள்ளையும் கேக்கும் சார். பன்னெண்டாம் கிளாஸ்ல ஒண்ணுகூடக் கேக்காது. நாங்க நிறுத்தி வெச்சிருவோம்" என்றார். இவை மகளின் விடைகள் அல்ல என்று தானும் எழுதித் தருவதாகச் சொன்னார்.

அதன் பிறகு, மகளுக்குத் தனித்தேர்வு நடக்க வேண்டுமானால் மடிக்கணினியை இனி நான் தொடக் கூடாது என்று எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் பள்ளி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்றார்கள். உதவி ஆய்வாளர், "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை என்றேன். என் மகளுக்குக் கொடுத்த மடிக்கணினியை நான் இனித் தொட மாட்டேன். இதை என் சம்மதத்தோடு சொல்கிறேன்.

வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டார். நான் விட்ட இடம் விகிதம், ஒன்பதாம் வகுப்புப் பாடம், பாதி முடிந்திருக்கிறது என்று சேர்க்கச் சொன்னேன். அது வழக்குக்குத் தேவையில்லை என்றார். தேவையில்லைதான், ஆனாலும் எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

இரண்டு தாள்களும் இதனுடன் இணைக்கப்பட்டுள்ளன. இரண்டும் என் கையெழுத்து. இரண்டாம் தாளில் உள்ளவை தப்பு என்று தெரிந்தே எழுதினேன். மற்றபடி இதில் சொன்ன அனைத்தும் உண்மை. எனக்கு வாசித்துக்காட்ட முன்வந்தார்கள். வேண்டாம் என்று வாங்கி, நானே முழுவதும் வாசித்து, சரி என்று கண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
மாணவியின் தாய்